தானே ஊர் சுற்றும் வரைபடம்

ஒரு இணைய வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் பன்னிரண்டு மார்க்கர்கள் இருக்கின்றன. யாரும் எதையும் தொடவில்லை. வரைபடம் தானாக முதல் மார்க்கருக்குப் போகிறது, அதன் தகவல் பெட்டியான பாப்அப் திறக்கிறது, சில நொடிகள் நிற்கிறது, மூடிக்கொண்டு அடுத்ததற்குக் கிளம்புகிறது. பன்னிரண்டும் முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அருங்காட்சியகச் சுவரில், கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில், நிலநடுக்கங்களைக் காட்டும் செய்தித் தளத்தில் இப்படி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள்.

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒருவருக்கு இது பத்து நிமிட வேலை. மார்க்கர்களை ஒரு பட்டியலில் போடு, ஐந்து நொடிக்கு ஒருமுறை அடுத்ததற்குப் போ, அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிட வேலை மறுநாளே பல்லைக் காட்டும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்போது எனக்குப் புரியாமல் போனது ஒன்றுதான்: வரைபடத்தின் கடிவாளத்தை நான் ஒரு கடிகாரத்தின் கையில் கொடுத்திருந்தேன். வரைபடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கடிகாரத்துக்குத் தெரியாது. எதிரே இருப்பவர் வரைபடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதும் தெரியாது. அந்த டேப் திறந்திருக்கிறதா, பின்னால் மறைந்து கிடக்கிறதா என்பதும் தெரியாது. இந்த வேலையில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த மூன்று அறியாமைகளிலிருந்துதான் வருகின்றன.

முதலில் எளிய பகுதியை முடித்துவிடலாம். இப்போது எத்தனையாவது மார்க்கரில் இருக்கிறோம் என்பதற்கு ஒரு எண். ஒவ்வொரு முறையும் அதோடு ஒன்றைக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டால் கடைசிக்கு அடுத்தது தானாகவே முதலாவதாகிவிடும். ‘முந்தையது’ பொத்தானும் வேண்டுமென்றால் ஒன்றைக் கழிக்கவேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் மைனஸ் ஒன்றை எதனால் வகுத்தாலும் மீதி மைனஸாகத்தான் வரும். அதனால் கழித்த பிறகு மொத்த எண்ணிக்கையை ஒருமுறை கூட்டிவிட்டு வகுக்கவேண்டும். மார்க்கரே இல்லாத பட்டியல் வந்தால் பூஜ்யத்தால் வகுத்ததாகி, எண்ணே இல்லாத ஒன்று விடையாக வரும். அதற்கு முன்னாலேயே ஒரு தடுப்பு போட்டுவிடுவது நல்லது.

தொடக்கக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு. பட்டியலை ஒரு சுற்றில் ஓட்டி, முதல் மார்க்கருக்கு ஐந்து நொடி கழித்து, இரண்டாவதற்குப் பத்து நொடி கழித்து என்று எல்லா மார்க்கருக்கும் ஒரே மூச்சில் டைமர் போட்டுவிடுவார்கள். பழைய பாணியில் ‘வார்’ என்று மாறியை அறிவித்திருந்தால், டைமர்கள் விழித்தெழும் நேரத்தில் சுற்று எப்போதோ முடிந்து எண் கடைசியைத் தாண்டி நிற்கும். எல்லா டைமரும் அந்த ஒரே எண்ணைத்தான் பார்க்கும். 2015இல் வந்த ‘லெட்’ என்ற புதிய அறிவிப்பு முறை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. ஆனாலும் ஐம்பது மார்க்கருக்கு ஐம்பது டைமர்கள் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தவேண்டும் என்றால் ஐம்பதையும் தேடிப் பிடித்து ரத்து செய்யவேண்டும். யார் செய்வது?

சரி, செட்இன்டர்வெல் என்ற கட்டளையைப் போட்டு ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒரே டைமர் அடிக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கடிகாரத்தின் முதல் அறியாமை வெளிப்படுகிறது.

போய்ச் சேர எவ்வளவு நேரம்?

வரைபட நூலகங்களில், அதாவது வரைபடம் காட்ட ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்புகளில், ஓர் இடத்துக்குப் போக இரண்டு மூன்று வழிகள் இருக்கும். லீஃப்லெட் என்ற நூலகத்தில் செட்வியூ, பேன்டூ, ஃப்ளைடூ என்று. பேன்டூ பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் போகவேண்டிய இடம் ஒரு திரை அளவைத் தாண்டி இருந்தால் வழுக்காமல் சட்டென்று குதித்துவிடும். கூகுள் மேப்ஸின் பேன்டூவுக்கும் கிட்டத்தட்ட இதே பழக்கம்தான். சில மார்க்கர்களுக்கு அழகாக நகர்கிறது, சிலவற்றுக்குத் தூக்கிப் போடுகிறது, நிரலில் ஏதோ பிழை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

ஃப்ளைடூவின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. தூரத்து இடத்துக்குப் போகும்போது வரைபடம் மேலே எழும்பி, சுற்றுப்புறம் சிறுத்து, அப்படியே பறந்து, பிறகு கீழே இறங்கும். அந்த வளைவு யாரோ கண்மதிப்பில் வரைந்ததல்ல. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யார்க்கே வான் வெய்க், விம் நௌய் இருவரும் 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். திரையில் இடம்பெயர்வதும் ஜூம் மாறுவதும் ஒன்றாக நடக்கும்போது கண்ணுக்கு மிகக் குறைவான உலுக்கலோடு, மிகக் குறுகிய பாதை எது என்று கணக்குப் போட்டுக் காட்டியது அது. எவ்வளவு உயரம் எழும்பவேண்டும் என்பதற்கு ஒரு எண் தேவைப்பட்டது. ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது அவர்கள் தேர்ந்தெடுத்ததன் சராசரி 1.42 வந்தது. லீஃப்லெட்டின் நிரலுக்குள் போய்ப் பார்த்தால் அந்த 1.42 அப்படியே உட்கார்ந்திருக்கும். மேப்பாக்ஸ் என்ற இன்னொரு நூலகத்தின் ஃப்ளைடூவிலும், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், அதே எண்தான்.

நம் கதைக்கு இதில் முக்கியமானது வேறு. நேரத்தை நாமே குறிப்பிடாவிட்டால் ஃப்ளைடூ தன் பாதையின் நீளத்தை வைத்து நேரத்தை முடிவு செய்துகொள்ளும். பக்கத்துத் தெருவுக்கு ஒரு நொடிகூட ஆகாது. கண்டம் விட்டுக் கண்டம் என்றால் பல நொடிகள். ஐந்து நொடி டைமர் அடிக்கும்போது வரைபடம் ஒரு மார்க்கரில் நான்கு நொடி நிற்கும். இன்னொன்றில் தரையிறங்கிய மாத்திரத்தில் மறுபடி கிளம்பிவிடும். பார்ப்பவருக்குப் பாப்அப் ஒரு மின்னல் மாதிரி தெரிந்து மறையும். எல்லாப் பயணத்துக்கும் ஒரே நேரம் என்று கட்டாயப்படுத்தலாம். அப்போது பக்கத்து மார்க்கருக்கு நத்தையாகவும் தூரத்து மார்க்கருக்கு ராக்கெட்டாகவும் போகும்.

கடிகாரத்தைத் தூக்கிவிட்டுச் சங்கிலி போடுவதுதான் இதற்கு வழி. கிளம்பு. போய்ச் சேர்ந்த செய்தி வரட்டும். வந்ததும் பாப்அப்பைத் திற. அப்போது ஒருமுறை மட்டும் அடிக்கும் டைமரான செட்டைம்அவுட் ஒன்றைப் போடு. அது முடிந்ததும் அடுத்ததற்குக் கிளம்பு. எந்த நேரத்திலும் ஒன்று பயணம் நடக்கும், இல்லையென்றால் காத்திருப்பு நடக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

போய்ச் சேர்ந்த செய்தி என்பது, நகர்வு முடிந்ததும் நூலகம் அறிவிக்கும் மூவ்எண்ட் நிகழ்வு. அதிலும் சில பொறிகள் இருக்கின்றன. லீஃப்லெட்டில் வரைபடம் ஏற்கெனவே அதே இடத்தில், அதே ஜூமில் இருந்து, மறுபடி அங்கேயே பேன்டூ சொன்னால், மூவ்எண்ட் அந்த வரியிலேயே, அந்தக் கணத்திலேயே நடந்து முடிந்துவிடும். கட்டளையை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் செய்திக்காகக் காதை வைத்தால், செய்தி ஏற்கெனவே போயிருக்கும். சங்கிலி அங்கேயே அறுந்து வரைபடம் உறைந்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மார்க்கர்கள் இருப்பது போன்ற சில சமயங்களில் மட்டும் இது நடக்கும் என்பதால் கண்டுபிடிக்க நாளாகும். அதனால் எப்போதும் காது முதலில், கட்டளை பிறகு.

இன்னொன்று, மூவ்எண்ட் வந்தால் நாம் அனுப்பிய பயணம்தான் முடிந்தது என்று நம்பமுடியாது. பார்ப்பவர் விரலால் இழுத்துவிட்டாலும் அதே நிகழ்வு வரும். பாப்அப் திரையின் ஓரத்தில் முட்டும்போது லீஃப்லெட் அதை உள்ளே கொண்டுவர வரைபடத்தைச் சற்று நகர்த்தும். அதன் முடிவிலும் அதேதான். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, செய்தி வரும்போது ‘இது இன்னும் நடப்பு எண்தானா’ என்று பார்ப்பது என் வழக்கம். பழைய எண் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். செய்தியை ஒரே ஒரு முறை மட்டும் கேட்கும்படி ‘ஒன்ஸ்’ என்று பதிவதும் அவசியம். ‘ஆன்’ என்று பதிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காது கூடிக்கொண்டே போகும்.

பாப்அப் நகர்த்துவதைப் பற்றிச் சொன்னேன். மார்க்கரைத் திரையின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்துவது பார்க்க நியாயமாகத் தோன்றும். ஆனால் பாப்அப் மார்க்கருக்கு மேலே எழும்புகிறது. உயரமான படம் வைத்த பாப்அப் மேல் விளிம்பில் முட்டும், லீஃப்லெட் வரைபடத்தைக் கீழே தள்ளும். வந்து நின்ற வரைபடம் ஒரு விக்கல் விக்கும். மார்க்கர் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வரும்படி இலக்கையே மாற்றிக் கணக்கிட்டு, அந்தத் தானியங்கி நகர்த்தலை அணைத்துவிட்டால் விக்கல் நின்றுவிடும். லீஃப்லெட்டில் ஒரு பாப்அப் திறந்தால் முந்தையது தானாக மூடும். கூகுள் மேப்ஸில் அப்படி இல்லை. மார்க்கருக்கு ஒன்றாகத் தகவல் பெட்டி செய்தால் எல்லாம் திறந்தே கிடக்கும். ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுவது சுலபம்.

அருகருகே உள்ள மார்க்கர்கள் ஒரே குறியாகக் கொத்தாக்கப்பட்டிருந்தால் கதை மாறுகிறது. கொத்துக்குள் மறைந்திருக்கும் மார்க்கர் உண்மையில் வரைபடத்திலேயே இல்லை. அதன் பாப்அப்பைத் திறக்கச் சொன்னால் பிழைச் செய்திகூட வராமல், ஒன்றும் நடக்காது. லீஃப்லெட்டின் கொத்துச் செருகுநிரலில் இதற்கென்றே ஜூம்டூஷோலேயர் என்று ஒன்று இருக்கிறது. அந்த மார்க்கர் வெளியே தெரியும் அளவுக்கு ஜூம் செய்துவிட்டு, தெரிந்ததும் நமக்குச் சொல்லும். அதைச் சங்கிலியின் ஒரு கண்ணியாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, தானாகச் சுற்றும் வரைபடத்தில் கொத்தே வைக்காமல் இருப்பது என்பது என் கருத்து.

நிறுத்துவது

ஓட்டுவதைப் பற்றி எழுதியவர்கள் பலர். நிறுத்துவதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கென்னவோ இந்த வேலையில் பாதிக்கு மேல் நிறுத்துவதில்தான் இருக்கிறது.

நான் எழுதிய முதல் சுழற்சியில் ‘ஓட்டு’ பொத்தானை ஒருவர் இரண்டு முறை அழுத்தினார். இரண்டாவது டைமர் ஒன்று பிறந்தது. வரைபடம் இரு மடங்கு வேகத்தில் ஓட, பயந்துபோய் ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினார். நிரலுக்கு நினைவிருந்தது கடைசி டைமர் மட்டும். அது நின்றது, முதலாவது யார் பேச்சையும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தைப் புதுப்பிக்காமல் அதை நிறுத்த வழியே இல்லை. ‘ஓட்டு’ என்பதன் முதல் வரியே ‘ஏற்கெனவே ஓடுவது எதுவாக இருந்தாலும் நிறுத்து’ என்று இருக்கவேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

பார்ப்பவரின் கை வரைபடத்தின்மேல் பட்டால் என்ன செய்வது? இழுத்தால், சக்கரத்தை உருட்டினால், மார்க்கரைத் தொட்டால், விசைப்பலகையில் அம்புக்குறியை அழுத்தினால், அத்தனைக்கும் உடனே நிற்கவேண்டும் என்பேன். ஒரு மார்க்கரைப் படித்துக்கொண்டிருக்கும்போது வரைபடம் காலடியிலிருந்து நழுவிப்போவதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. இதற்கு, நகர்வு தொடங்கும்போது வரும் மூவ்ஸ்டார்ட் நிகழ்வை நம்பக்கூடாது, நம் நிரல் நகர்த்தினாலும் அது வரும். இழுத்தலுக்கென்று தனியாக இருக்கும் டிராக்ஸ்டார்ட்டையும், சக்கரம், தொடுதல், விசை ஆகியவற்றின் நிகழ்வுகளையும் நேரடியாகக் கேட்பது பாதுகாப்பு. மேப்பாக்ஸ் வகையில் ஒரு வசதி உண்டு. மனிதக் கையால் வந்த நகர்வு என்றால் நிகழ்வோடு அதற்குக் காரணமான சுட்டி அல்லது தொடுதலின் மூல நிகழ்வும் ஒட்டிக்கொண்டு வரும், நிரலால் வந்தது என்றால் அது இருக்காது.

மறுபடி எப்போது தொடங்குவது? சுவரில் மாட்டிய திரை என்றால், யாரும் தொடாமல் அரை நிமிடம் போனதும் தானாகத் தொடரலாம். தொட்டவர் போய்விட்டிருப்பார். ஒருவர் தன் கைப்பேசியிலோ கணினியிலோ பார்க்கிற பக்கம் என்றால் தானாகத் தொடரவே கூடாது, அவர் ‘ஓட்டு’ என்று மறுபடி அழுத்தும்வரை சும்மா இருக்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே நிரலை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு நடுவாந்திர நேரத்தைப் போடுபவர்கள் இரண்டு பேரையும் எரிச்சலாக்குகிறார்கள்.

இது வெறும் மரியாதை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்களின் 2008 டிசம்பரில் வெளிவந்த பதிப்பிலேயே 2.2.2 என்ற எண்ணில் ஒரு விதி இருக்கிறது. தானாகத் தொடங்கி, ஐந்து நொடிக்கு மேல், மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசையும் எதையும் இடைநிறுத்தவோ நிறுத்தவோ மறைக்கவோ வழி தரவேண்டும். அது அடிப்படைத் தேவைகள் அடங்கிய ஏ நிலையில் வருகிறது. சுற்றும் வரைபடம் இந்த விதிக்காகவே செய்த உதாரணம் போல இருக்கிறது. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியும், விசைப்பலகையால் எட்டக்கூடிய ஒரு நிறுத்தப் பொத்தான் வேண்டும். சுட்டியை மேலே கொண்டுபோனால் நிற்கும் என்பது போதாது, தொடுதிரையில் சுட்டியே இல்லை.

பறந்து இறங்கும் அசைவு சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும், உட்காதுச் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குக் குறிப்பாக. அவர்கள் தங்கள் கருவியின் அமைப்பில் ‘அசைவைக் குறை’ என்று வைத்திருப்பார்கள். 2017 முதல் பிரவுசர்கள் அதைப் பக்கத்துக்குத் தெரியப்படுத்தத் தொடங்கின. மேப்பாக்ஸும் அதிலிருந்து கிளைத்த மேப்லிப்ரேயும் அதை மதித்து, ஃப்ளைடூவைப் பறக்காமல் நேராகக் குதிக்கவைக்கும், ‘இது இன்றியமையாத அசைவு’ என்று நாம் சொல்லாதவரை. தன் கணினியில் மட்டும் பறக்கவில்லை என்று நாள் முழுக்கத் தேடி, கடைசியில் தானே அந்த அமைப்பை எப்போதோ மாற்றிவைத்திருந்ததைக் கண்டுபிடித்த நிரலாளர்கள் உண்டு. ‘இன்றியமையாதது’ என்று போட்டு அதைச் ‘சரிசெய்வது’ குறுக்குவழி. அப்படிச் செய்யாதீர்கள்.

மூன்றாவது அறியாமை மறைந்த டேப். டேப் பின்னால் போனதும் பிரவுசர்கள் டைமர்களை நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்க விடுவதில்லை. 2021இல் வந்த குரோம் 88 இன்னும் கறாரானது. ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில், சில விதிவிலக்குகள் போக, சங்கிலியாக ஓடும் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுமதிக்கிறது. அசைவை வரையும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் மறைந்த டேப்பில் ஓடுவதே இல்லை. ஆக, டைமர் எப்போதாவது அடித்துப் பயணத்தைத் தொடங்கும், பயணம் நகராது, அடுத்த அடி அதை ரத்து செய்து இன்னொன்றைத் தொடங்கும். திரும்பி வந்தவர் பாதி வானத்தில் தொங்கும் வரைபடத்தைப் பார்ப்பார். சங்கிலி முறையில் இந்தக் குழப்பம் குறைவு. பயணம் முடியாதவரை அடுத்தது கிளம்பாது. ஆனாலும் டேப் மறைந்ததும் நிறுத்தி, வெளிப்பட்டதும் அதே மார்க்கரிலிருந்து தொடர்வதுதான் சுத்தம். பக்கம் மறைவதையும் தெரிவதையும் சொல்லும் நிகழ்வு எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது.

எந்த வரிசையில், எவ்வளவு நேரம்

பெரும்பாலான சுற்றும் வரைபடங்கள் தரவு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே சுற்றுகின்றன. அது பெரும்பாலும் யாரோ அட்டவணையில் நிரப்பிய வரிசை. வரைபடம் வடக்கே போய், தெற்கே போய், மறுபடி வடக்கே ஓடும். பறக்கும் நேரம் நிற்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும். மிகக் குறுகிய சுற்றைக் கண்டுபிடிப்பது கணினியியலின் பழம்பெரும் புதிர்களில் ஒன்று. 10 இடங்களுக்குச் சாத்தியமான சுற்றுகள் 1,81,440. 15 இடங்கள் என்றால் 4,358 கோடிக்கு மேல். நல்லவேளை, நமக்கு மிகச் சிறந்த விடை தேவையில்லை. இருக்கும் இடத்துக்கு மிக அருகில் இன்னும் போகாத மார்க்கர் எது என்று பார்த்துப் போய்க்கொண்டே இருந்தால் போதும், கண்ணுக்கு இதமான ஒரு சுற்று கிடைத்துவிடும். காலவரிசை முக்கியமான தரவு என்றால், நிலநடுக்கங்கள் மாதிரி, தூரத்தை மறந்துவிட்டுக் காலத்தையே பின்பற்றவேண்டும். அங்கே தாவுவதுதான் கதை.

நிற்கும் நேரத்தை எல்லா மார்க்கருக்கும் ஒன்றாக வைப்பது சோம்பேறித்தனம். ஒரு பாப்அப்பில் மூன்று சொற்கள், இன்னொன்றில் ஒரு பத்தி. சங்கிலியில் ஒவ்வொரு காத்திருப்பும் தனி டைமர் என்பதால் எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம். நான் பாப்அப்பை வாய்விட்டு நிதானமாக ஒருமுறை படித்துப் பார்ப்பேன். அதோடு கண் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு வந்து நிலைகொள்ள இரண்டு நொடி. மிக நீளமான பாப்அப் இருபது நொடியைத் தாண்டினால் டைமரை நீட்டக்கூடாது, எழுத்தைக் குறைக்கவேண்டும்.

பசிபிக் நடுவே ஒரு சின்னத் தொல்லை. ஃபிஜியிலிருந்து சமோவாவுக்குப் போகச் சொன்னால், தீர்க்கரேகை கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறுவதால், லீஃப்லெட் உலகத்தையே சுற்றிக்கொண்டு மறுபக்கமாகப் போகும். சமோவாவின் தீர்க்கரேகையோடு 360ஐக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும்.

எல்லோரும் மறந்துபோகும் ஒரு செலவு டைல்கள். பழைய முறை வரைபடம் டைல் எனப்படும் 256 பிக்சல் சதுரப் படங்களால் ஆனது. பெரிய திரை ஒன்றை நிரப்ப நாற்பது டைல்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடிக்கு ஒரு மார்க்கர் என்றால் நாளுக்கு 8,640 நிறுத்தங்கள், பிரவுசர் எதையும் சேமித்து வைக்காவிட்டால் 3,45,600 டைல்கள். பறக்கும்போது இடையில் வரும் ஜூம் நிலைகளின் டைல்கள் இதில் சேரவில்லை. உண்மையில் பிரவுசரின் சேமிப்பு இதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும், அதை அணைத்துவைக்காமல் இருந்தால். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் டைல் வழங்கிகள் நன்கொடையில் ஓடுபவை. டைல்களைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தவேண்டும், மொத்தமாக முன்கூட்டியே இறக்கக்கூடாது என்று அவர்கள் விதிகளில் இருக்கிறது. கட்டணச் சேவை என்றால் ராத்திரி யாருமே பார்க்காத அறையில் சுற்றும் திரைக்கும் கணக்கு ஓடும். ஜூமை மாற்றாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்வது, இரவில் அணைத்துவிடுவது, இரண்டும் நல்ல சிக்கனம்.

நாள்கணக்கில் ஓடும் திரையில் இன்னொரு விஷயமும் தலைகாட்டும். தரவு மாறிக்கொண்டே இருக்கும். புதுப் பட்டியல் வந்ததும் பழைய மார்க்கர்களை அழித்துப் புதியவற்றைப் போடுவோம். நம் கையில் இருப்பதோ ‘ஏழாவது’ என்ற வெறும் எண். இப்போது ஏழாவது வேறு ஒன்றாக இருக்கலாம், பட்டியலே ஐந்தாகச் சுருங்கியிருக்கலாம். திறந்திருந்த பாப்அப் பாதி வாக்கியத்தில் மறையும். அதனால் எண்ணை வைத்துக்கொள்ளாமல் மார்க்கரின் அடையாளக் குறியீட்டை வைத்துக்கொண்டு, காத்திருப்பு முடியும் நேரத்தில்தான் புதுப் பட்டியலை உள்ளே விடவேண்டும். அந்த மார்க்கர் புதுப் பட்டியலிலும் இருந்தால் அதற்கு அடுத்தது. இல்லையென்றால் பழைய எண்ணுக்கு அருகில் இருப்பது. பட்டியல் காலி என்றால் வரைபடத்தை முழுத் தோற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அடுத்த புதுப்பிப்பு வரும்வரை டைமரே போடாமல் இருக்கலாம்.